மூடாத மடையும் ஒரு மாத்திரையும்

மதுரையைச் சுற்றிலும் கண்மாய்ப் பாசனத்தில் பயிர் செய்வோர் மடையின் அருமையை நன்கு அறிவர். வேண்டும்போது திறப்பதும் போதுமானபின் அடைப்பதுமே அதன் பயன். அடைக்க முடியாத மடை வயலை மூழ்கடித்துவிடும்.

நம் உயிரணுக்களிலும் இத்தகைய மடைகள் உண்டு. ‘ஏபிஎல்’ என்னும் மரபணு உருவாக்கும் புரதம் அவற்றுள் ஒன்று. உயிரணுக்கள் பெருகுவதற்கான சமிக்ஞைகளைக் கடத்தும் அப்புரதம், இயல்பாகக் கட்டுக்குள் அடங்கியிருக்கும்.

9ஆம் குரோமோசோமில் உள்ள இம்மரபணுவின் ஒரு பகுதி முறிந்து, 22ஆம் குரோமோசோமில் உள்ள ‘பிசிஆர்’ மரபணுவுடன் இணைந்தால், மடை திறந்தபடியே நின்றுவிடுகிறது. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. இதுவே ‘சிஎம்எல்’ எனப்படும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய். இம்மாற்றத்தின் அடையாளம் 1960இல் பிலடெல்பியா நகரில் கண்டறியப்பட்டது. இது பெற்றோரிடமிருந்து வருவதன்று, பிள்ளைகளுக்குச் செல்வதன்று, தொற்றுவதும் அன்று.

2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ‘இமாட்டினிப்’ மாத்திரை, அப்புரதத்தில் பொருந்தி மடையை அடைக்கிறது. இம்மருந்தின் ஒரு வடிவத்திற்கு நோவார்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆன காலத்தில், இந்திய நிறுவனங்கள் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்கே வழங்கின. எளிய குடும்பங்களுக்கும் சிகிச்சை எட்டியது இவ்வாறே.

எனினும், சில மாதங்களில் இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானதும், “நோய் போய்விட்டது” என்று சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். மாத்திரை மடையை அடைத்து நிற்கிறதே தவிர, பழுதான மரபணுவைச் சீராக்குவதில்லை. இடைவெளி விட்டால் நோய் மீண்டும் தலைதூக்கலாம். மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

எனவே நாங்கள் வேண்டுவது இதுவே: நாள்தோறும் உணவுடன், ஒரு முழுக் குவளை நீர் அருந்தி மாத்திரையை விழுங்குங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக உட்கொள்ளாதீர்கள். குமட்டல், தசைப்பிடிப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம் ஆகியவை தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல் எங்களிடம் கூறுங்கள். கருத்தரிக்க விரும்புவோர் முன்னதாகவே மருத்துவரைக் கலந்து பேசுங்கள். மரபணு அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைக் குறித்த நாளில் செய்துகொள்ளுங்கள். பல்லாண்டுகள் நோய் முற்றிலும் அடங்கியிருந்த சிலருக்கு, தொடர் கண்காணிப்புடன் மருந்தை நிறுத்திப் பார்ப்பதுண்டு, அம்முடிவு மருத்துவருடையது.

திருவிழாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ புறப்படும்போது, மாத்திரை பைக்குள் இருக்கிறதா என்று குடும்பத்தார் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.