சென்னையில் வழி தவறாமல் போவது எப்படி?



நம்ம ஊரில் வைத்தியத்துக்காகச் சென்னைக்குப் போகாத வீடு குறைவு. ஆனால் "அங்க போய் வழி தெரியாம நிக்கணுமே" என்று எல்லோருக்கும் பயம். எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மா மூணாவது வரைதான் படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். போன கோடை விடுமுறையில் ஆயாவைச் சென்ட்ரல் எதிரில் உள்ள அரசு பொது மருத்துவமனையில் காட்ட அம்மா, நான், தம்பி எல்லோரும் போனோம். அப்போது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் பஸ். முன்பு கோயம்பேடு வரை போன தென்மாவட்ட பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. அந்த நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் தாம்பரம் போகலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. எல்லா பஸ்ஸும் அப்படி இல்லை. அதனால் ஏறும் முன்பே கண்டக்டரிடம் கேட்டுவிட வேண்டும். தம்பிக்கு மட்டும் டிக்கெட் எடுத்தோம். அவனுக்கு ஒரே கோபம்!

அடுத்தது மின்சார ரயில். தாம்பரத்தில் ஒரு ஆட்டோக்காரர் 500 ரூபாய் கேட்டார். ரயிலில் ஆளுக்கு 10 ரூபாய்தான். கடற்கரை என்று போட்ட ரயில் நகரத்துக்குள் போகும். செங்கல்பட்டு என்று போட்டது எதிர்ப்பக்கம் போகும். இதைப் பார்க்காமல் ஏறினால் அவ்வளவுதான். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு.

அம்மா கதவு தானாக மூடும் ஒரு ரயிலில் ஏறப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, "அம்மா, அது ஏசி ரயில், இந்த டிக்கெட் செல்லாது" என்று கையைப் பிடித்து நிறுத்தினார். அது 2025 ஏப்ரலில் வந்த ரயிலாம். அதற்கு டிக்கெட் வேறு, விலையும் அதிகம்.

எந்த இடத்தில் மாறலாம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கிண்டியிலும் எழும்பூரிலும் மெட்ரோ ரயிலுக்கு மாறலாம். மயிலாப்பூர், வேளச்சேரி போக, கடற்கரையில் பறக்கும் ரயில் பிடிக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழும்பூரை அடுத்து வரும் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் போதும்.

நான் தாம்பரம் முதல் பார்க் வரை எல்லா ஸ்டேஷன் பெயரையும் வரிசையாகப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுமுறை எனக்குப் பள்ளிக்கூடம். அம்மாவே ஆயாவைக் கூட்டிப் போனார். ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்து, தாளில் விரல் வைத்துக்கொண்டே போனாராம். இருட்டும் முன் வீட்டுக்கு வந்து, "நானே போயிட்டு வந்துட்டேன்டி!" என்று சிரித்தார். அந்தத் தாள் இப்பவும் அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது சென்னைக்குப் போவதானால் இப்படி ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். நாம் படித்த படிப்பு அதற்காவது உதவட்டும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி