ஐந்தும் பதினொன்றும் சேர்ந்தால் எத்தனை?

ஐந்தும் பதினொன்றும் சேர்ந்தால் 16 என்று ஒண்ணாப்புப் பிள்ளைகூட சொல்லிவிடும். ஆனால் புற்றுநோய்க் கணக்கு வேற மாதிரி. எப்படின்னு பார்ப்போமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் சூடான குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை சுற்றிய தொழிலாளர்களை மற்ற ஆண்களோடு ஒப்பிட்டு, ஹாமண்ட், செலிகாஃப் குழுவினர் 1979-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருஷத்துக்கு லட்சம் பேரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள்:

★ இரண்டும் இல்லாதவர் – 11 பேர்
★ ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் – 58 பேர் (5 மடங்கு)
★ சிகரெட் மட்டும் – 123 பேர் (11 மடங்கு)
★ இரண்டும் சேர்ந்தவர் – 602 பேர் (53 மடங்கு!)

கூட்டிப் பாருங்க. அடிப்படை 11, ஆஸ்பெஸ்டாஸால் கூடியது 47, சிகரெட்டால் கூடியது 112. மொத்தம் 170 தானே வரணும்? வந்ததோ 602! இப்போ மடங்குகளைப் பெருக்கிப் பாருங்க. 5 × 11 = 55. கிட்டத்தட்ட அந்த 53 வந்துவிட்டது!

ஏன் இப்படி?

ஒரு செல் ஒரே நாளில் புற்றாக மாறாது, பல படிகளைத் தாண்டணும் என்று 1954-ல் ஆர்மிட்டேஜ், டால் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பொருள் ஒரு படியையும், இன்னொன்று வேறு படியையும் வேகப்படுத்தினால் ஆபத்து பெருக்கலாக ஏறும். இரண்டும் ஒரே படியில் வேலை செய்தால் கூட்டல்தான். பின்னால் வந்த சில ஆய்வுகளில் விடை இரண்டுக்கும் நடுவிலும் வந்திருக்கிறது.

தேவதானத்துக்கு என்ன?

நம்ம தெருக்களில் எத்தனை வீட்டுக்கு சிமெண்ட் ஷீட் கூரை! பழைய ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் உண்டு. சும்மா கிடந்தால் தூசி அதிகம் வராது. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால் பறக்கும். பீடியை வாயில் வைத்துக்கொண்டே ஷீட் அறுக்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

என் மாமாவும் அந்த வேலைதான் செய்கிறார். நோட்டில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "இத்தனை வருஷம் தூசியை முழுங்கியாச்சே, இனிமே என்னடா?" என்றார். "பெருக்கல்ல ஒரு எண்ணைக் குறைச்சாலும் மொத்த விடையும் குறையும் மாமா. உள்ளே போன தூசியை எடுக்க முடியாது. பீடியை இன்னைக்கே விடலாம்" என்றேன். விட்டால் உடனே இல்லை, வருஷம் போகப் போக ஆபத்து இறங்கும். மாமா பதில் பேசவில்லை. நோட்டை வாங்கி மறுபடி ஒருமுறை பார்த்தார்.

உங்க வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. ஷீட் அறுக்கும்போது தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கச் சொல்லுங்க.

வருமுன் காப்போம்!

– பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு