கடற்கரைக்குச் செல்லும் பாதை யாருக்குச் சொந்தம்?

ஊருக்குப் பொதுவான நீர்நிலை இருந்தால் மட்டும் போதாது. அங்கே போய்வரப் பாதையும் இருத்தல் வேண்டும். நாள்தோறும் ஏரிக்கரையை மிதிக்கும் விவசாயிக்கு இதை நாம் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் கிராமத்துக்கு இவ்விஷயத்தில் நெடிய வரலாறு உண்டு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகள், பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணர்ந்த பெரும்பிடுகு வாய்க்காலையும் குறிப்பிடுகின்றன. பொதுவில் உள்ளதை எழுத்தில் பதித்து வைத்தமையால்தான் 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அவற்றைப் பெயர் சொல்லி அறிகிறோம். ஏரிக்குப் பொருந்தும் இந்தப் பாடம் கடலுக்கும் பொருந்தும்.

2019ஆம் ஆண்டில் செங்கற்பட்டு தனி மாவட்டமான பின் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் மாமல்லபுரமும் கோவளமும் முட்டுக்காடும் நமக்கு அயலூர்கள் அல்ல. விடுமுறை நாட்களில் நம் குடும்பங்கள் நாடிச் செல்லும் இடங்கள் அவை. மாசி மகத்தன்று தல சயனப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வது மாமல்லபுரம் கடற்கரையில்தான். பல ஊர்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் ஆண்டுதோறும் அதே நாளில் அங்கு கூடி, மணலில் தங்கி, தம் குலதெய்வத்தை வழிபடுகின்றன.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடலோரப் பக்கத்தில் ஓய்வு விடுதிகளும் பங்களாக்களும் பெருகியுள்ளன. விடுதிகள் வருவதை நாம் குறை கூறவில்லை. அவற்றால் சிலருக்கு வேலையும் பஞ்சாயத்துக்கு வரியும் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு மதில்களுக்கு நடுவே இருந்த நடைபாதை கதவிட்டுப் பூட்டப்படுமானால், கடல் இருந்தும் இல்லாததாகிவிடும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

சட்டம் கூறுவது என்ன?

1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பொதுச் சாலைகள், பாதைகள், ஆறுகள், ஏரிகள், வாய்க்கால்கள் ஆகியவற்றோடு, உயர் அலைக் கோட்டுக்குக் கீழ்ப்பட்ட கடற்படுகையும் அரசின் சொத்து என அது கூறுகிறது. உயர் அலைக் கோடு என்பது கடல் பெருகும்போது நீர் வந்து தொடும் எல்லை. இவை அரசின் சொத்தாயினும், பொதுமக்களின் நடைபாதை உரிமைக்கும் பிற பொது உரிமைகளுக்கும் உட்பட்டவை என்றும் அச்சட்டம் சேர்த்துச் சொல்கிறது. கூரம் ஏரியும் மாமல்லபுரத்துக் கடலும் இவ்வகையில் ஒரே விதிக்குள் அடங்குகின்றன.

அந்தக் கோட்டுக்கு மேலுள்ள மணல்வெளி சில இடங்களில் புறம்போக்காகவும், சில இடங்களில் பட்டா நிலமாகவும் இருக்கும். தகராறு எழுவது பெரும்பாலும் இங்கேதான். இதனை உணர்ந்தே 1991ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அடுத்தடுத்த இரு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே, பொதுமக்கள் கடற்கரைக்குச் செல்வதற்காக, குறைந்தது 20 மீட்டர் அகல இடைவெளி விட வேண்டுமென விதித்தது. தனியார் நிலத்தைச் சுற்றிப் போடப்படும் வேலி மக்கள் கடற்கரைக்குச் செல்வதைத் தடுத்தல் கூடாது என்றும் அது கூறிற்று.

கோவா தரும் பாடம்

கோவாவில் பணஜிக்கு அருகே வைங்கினிம் என்னும் கடற்கரை உள்ளது. அங்கு ஒரு விடுதிக்காக அரசு நிலம் கையகப்படுத்திக் கொடுத்தபோது, கடற்கரைக்குச் செல்லும் பொது வழியைத் தடுக்கக் கூடாதென்று 1983ஆம் ஆண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. பின்னர் கட்டடம் விரிவடைந்து வழி மறைந்தது என்று மக்கள் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2009ஆம் ஆண்டில் மக்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. கடற்கரை போன்ற இயற்கைச் செல்வங்களுக்கு அரசு தர்மகர்த்தா போன்றது. தனியார் நலனுக்காக மக்களை விலக்கிவைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். பிற்பாடு கோவாச் சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் இயற்றியது; அதுவும் கோர்ட்டுக்குச் சென்றது.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. வழக்கில் மக்களுக்குத் துணை நின்றது எழுத்தில் இருந்த ஒப்பந்தம். கட்டடம் எழுந்த பின் வாதாடுவதோ, தும்பை விட்டு வாலைப் பிடிப்பது போலாகும்.

பாதை ஏன் அவசியம்?

உல்லாசப் பிரயாணிக்குப் பாதை மூடியிருந்தால் ஒரு மாலைப்பொழுதின் இன்பம் போகும், அவ்வளவே. மீனவருக்கோ பிழைப்பே போகும். கரைவலை இழுப்போர் வடத்தின் இரு முனைகளையும் கரையில் பிடித்து, தூரத்தில் நின்று இழுத்தவாறே நெருங்கி வர வேண்டும். அதற்கு நீண்ட, தடையற்ற மணல்வெளி தேவை. படகு ஏற்றவும், வலை உலர்த்தவும், மீன் காயவைக்கவும், பிடித்த மீனை வண்டிக்குக் கொண்டு சேர்க்கவும் இடமும் வழியும் வேண்டும். மேலும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையை நாம் மறத்தலாகாது. கடலுக்குச் செல்லும் பாதையே, ஆபத்து வேளையில் கடலிலிருந்து தப்பி ஓடும் பாதையுமாகும்.

பஞ்சாயத்து செய்ய வேண்டுவன

முதலாவதாக, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடம், 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, கடற்கரைக்கும் ஏரிக்கும் சுடுகாட்டுக்கும் செல்லும் பாதைகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்துப் பட்டியல் எழுத வேண்டும். அளவுக்கல் காணாமற் போயிருந்தால் நில அளவையாளரைக் கொண்டு மீண்டும் நடச் செய்தல் நலம்.

இரண்டாவதாக, அப்பட்டியலைக் கிராம சபையில் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்கள் அதற்கு ஏற்றவை.

மூன்றாவதாக, கட்டட அனுமதி கோரும் மனு வரும்போது, வரைபடத்தில் பொது வழி காட்டப்பட்டுள்ளதா என்று பார்த்த பின்பே மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நான்காவதாக, ஆக்கிரமிப்பு தென்பட்டவுடன் தாசில்தாருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பட்டா நிலத்தின் வழியே செல்லும் பாதையானால், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தை நினைவிற் கொள்க. 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும், சமாதானமாகவும், உரிமையோடும், இடையறாமலும் நடந்துவந்த வழிக்கு அச்சட்டத்தின்கீழ் உரிமை கோரலாம். ஆனால் வழி மறிக்கப்பட்ட இரண்டு ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும். காலங்கடத்தினால் உரிமை கரைந்துவிடும்.

உரிமையோடு கடமையும் உண்டு. கடற்கரைக்குச் செல்லும் நாம் அங்கே குப்பை போடுதலும், காயும் வலையை மிதித்தலும், படகு இறங்கும் இடத்தில் வண்டி நிறுத்துதலும் தகாது. மக்கள் வழியை அசுத்தம் செய்தால், அதை அடைக்க நினைப்பவருக்கு நாமே காரணம் கற்பித்தவர்களாவோம்.

பாதை ஒரே நாளில் மறைவதில்லை. முதலில் முள்வேலி, பின்பு கம்பி, அதன்பின் மதில் என்று சிறிது சிறிதாகவே அது குறுகுகிறது. முள்வேலி போடும் நாளிலேயே கேட்கும் பஞ்சாயத்து, மதிலின் முன் நின்று வருந்த வேண்டியிராது. பல்லவர் காலத்துக் கூரம் தன் ஏரியையும் வாய்க்காலையும் செப்பேட்டில் பதித்துக்கொண்டது. நம் காலத்துப் பஞ்சாயத்துகள் தங்கள் பாதைகளைத் தீர்மானப் புத்தகத்திலாவது பதித்து வைப்பார்களாக.