கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு (இங்கிலாந்து, வேல்ஸ்)

கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடனைச் செலுத்தத் தவறியவருக்கு எதிராக, கடன் கொடுத்தவர் தொடுத்த வழக்கில் வழங்கப்படும் ஆணை ஆகும். இது உரிமையியல் ஆணை. குற்றத் தீர்ப்பு அன்று. ஸ்காட்லாந்தில் வேறு சட்ட முறை உள்ளது. கோரிக்கைப் படிவம் சேர்ப்பிக்கப்பட்ட 14 நாட்களுக்குள் பிரதிவாதி மறுமொழி அளிக்காவிடில் விசாரணையின்றியே தீர்ப்புப் பெறலாம். படிவத்தைக் கடைசியாக அறியப்பட்ட முகவரிக்கு அனுப்புவதே பொதுவாகப் போதுமானது. எனவே வீடு மாறியவர்களுள் சிலர், தம்மீது தீர்ப்பு இருப்பதையே வங்கி கடன் மறுக்கும்போதுதான் அறிகின்றனர்.

பதிவேடு

பெரும்பாலான தீர்ப்புகள் பொதுமக்கள் பார்வையிடக்கூடிய பதிவேடு ஒன்றில் பதியப்படுகின்றன. 1985 முதல் இதனை ரெஜிஸ்ட்ரி டிரஸ்ட் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் பேணி வருகிறது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய கடன் தகவல் நிறுவனங்கள் இதிலிருந்தே விவரம் பெறுகின்றன.

தீர்ப்பு நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் முழுத் தொகையும் செலுத்தப்பட்டால் பதிவு நீக்கப்படும். அதன்பின் செலுத்தினால், "தீர்க்கப்பட்டது" என்ற குறிப்புடன் அப்பதிவு ஆறு ஆண்டுகள் முடியும்வரை நீடிக்கும். இடையில் தவணை செலுத்துவதால் இக்காலம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

ஆறு ஆண்டுகளுக்குப் பின்

தீர்ப்பு நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் கடந்ததும், பணம் செலுத்தப்படாவிடினும் பதிவு நீங்கிவிடும். பதிவு மறைந்ததால் கடனும் மறைந்தது எனக் கருதுவது பரவலான தவறு. 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் (பிரிவு 24), தீர்ப்பை அடிப்படையாகக் கொண்டு புதிய வழக்குத் தொடுப்பதற்கே ஆறு ஆண்டு வரம்பு விதிக்கிறது. முன்பே பெற்ற தீர்ப்பை நிறைவேற்றுதல் அவ்வரம்புக்குள் வராது என்று 1998இல் லோஸ்லி எதிர் ஃபோர்ப்ஸ் வழக்கில் பிரபுக்கள் அவை முடிவு செய்தது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் அமலாக்க முகவர் மூலம் பொருட்களைக் கைப்பற்ற நீதிமன்ற அனுமதி வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் கடனாளியின் வீட்டைக் கடனுக்குப் பிணையாக்கும் ஆணையையோ ஊதியப் பிடித்த ஆணையையோ கோர அவ்வனுமதி தேவையில்லை. கையில் ஒன்றுமில்லாத நாளில் பெற்ற தீர்ப்பு, வீடு வாங்கிய பிறகு திரும்பி வருவது இவ்வாறே. 5,000 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தீர்ப்புத் தொகைக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியும் உண்டு. எனினும் ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வட்டி நிலுவையைப் பெற இயலாது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்திற்குட்பட்ட கடன்களுக்குப் பொதுவாக இவ்வட்டி பொருந்தாது.

தீர்ப்பை நீக்கக் கோருதல்

என்244 படிவம் வழியே தீர்ப்பை நீக்கக் கோரலாம், கட்டணம் உண்டு. தீர்ப்பு முறைதவறி வழங்கப்பட்டிருந்தால் நீதிமன்றம் அதனை நீக்கியே ஆகவேண்டும். ஏனையவற்றில், வழக்கில் வெல்ல உண்மையான வாய்ப்போ வேறு தக்க காரணமோ காட்டவேண்டும். படிவம் கைக்கு வரவில்லை என்பது மட்டும் எப்போதும் போதாது. தீர்ப்பைப் பற்றி அறிந்தபின் தாமதித்தவரை நீதிமன்றம் கடுமையாகவே நோக்குகிறது. தீர்ப்பு நீக்கப்பட்டால் பதிவும் நீங்கும். கடனை ஒப்புக்கொண்டு தவணை மட்டும் கோருபவருக்கு உரியது என்245 படிவம்.