ருமேனிய நாட்டு வீட்டுச் சமையல்

ஒரு நாட்டு மக்களின் வாழ்வை அறிய விரும்புவோர் அதன் அரண்மனைகளை மட்டும் கண்டால் போதாது. அடுக்களையையும் காணல் வேண்டும். ஐரோப்பாவின் தென்கிழக்கே, டான்யூப் ஆறும் கார்ப்பேத்திய மலைகளும் அணிசெய்யும் ருமேனியாவின் வீட்டுச் சமையல் இதற்கு நல்லதொரு சான்றாகும்.

அந்நாட்டில் கோடையில் பழங்கள் குவியும். குளிர்காலத்திலோ தோட்டங்கள் பனி மூடிக் கிடக்கும். ஆகவே, மிகுந்த காலத்தில் காத்து வைத்து, அருகிய காலத்தில் உண்பது அங்குள்ள இல்லத்தரசியரின் முதற்பாடமாயிற்று. புளிப்புச் செர்ரி, ரோஜா இதழ், முற்றாத வால்நட் காய் முதலியவற்றைச் சர்க்கரைப் பாகிலிட்டுக் காய்ச்சுவர். இதற்குத் 'துல்ச்சாத்சா' என்று பெயர். செறிந்த பாகு நீரைத் தன்பால் ஈர்த்து வைத்துக்கொள்கிறது; அதனால் பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் வளர வழியில்லை. பாகு பூத்துக் கற்கண்டாகிவிடாதிருக்கச் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்ப்பர். வீட்டிற்கு வரும் விருந்தினருக்குச் சிறு தட்டில் துல்ச்சாத்சாவும், உடன் ஒரு குவளைக் குளிர்ந்த நீரும் அளித்தல் பழைய மரபு.

இனி, பொரித்த உருண்டைகளைக் காண்போம். இவற்றைக் 'கிஃப்தெலே' என்பர். துருக்கியர் வழி வந்த இச்சொல், நாம் அறிந்த 'கோஃப்தா'வின் உறவாகும். வழக்கமாக இறைச்சியைக் கொத்திச் செய்வது இது. ஆயினும் அந்நாட்டவருள் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர். ஈஸ்டருக்கு முந்திய நெடுநோன்பில் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்குவது அவர்தம் நெறி. அந்நாட்களில் மசித்த உருளைக்கிழங்குடன் துருவிய கேரட், வெங்காயம், சதகுப்பைக் கீரை சேர்த்துப் பிசைந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பர். முட்டை இல்லாத குறையை உருளைக்கிழங்கின் மாச்சத்து தீர்த்து வைக்கிறது.

இவ்வறிவின் அருமை பிற்காலத்தில் விளங்கிற்று. 1980-களில், வெளிநாட்டுக் கடனை விரைந்து அடைக்க விரும்பிய சௌசெஸ்குவின் அரசு, உணவுப் பொருள்களைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. ரொட்டி, எண்ணெய், சர்க்கரை ஆகியவை பங்கீட்டுக்கு உட்பட்டன. கடை வாயில்களில் மக்கள் மணிக்கணக்காகக் காத்து நின்றனர். 1989 டிசம்பரில் அவ்வாட்சி வீழும் வரையில், உப்பு நீரில் புளித்த முட்டைக்கோசும், கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்த்துச் சமைத்துப் புட்டியில் அடைத்த 'ஸக்குஸ்கா'வும் பல குடும்பங்களின் குளிர்காலத் துணையாயின.

இன்று அங்குள்ள கடைகளில் எல்லாம் கிடைக்கின்றன. ஆயினும், இலையுதிர் காலம் வந்தால் பல இல்லங்களில் இன்னும் புட்டிகள் நிரம்புகின்றன. பஞ்சம் பழகிய கைகள் முன்யோசனையை எளிதில் மறப்பதில்லை.