களத்துத் துவரையில் ஒரு மூட்டை வீட்டு அடுப்புக்கு

துவரை அறுவடை முடிந்ததும் களத்திலிருந்தே மூட்டைகள் வியாபாரியின் வண்டியில் ஏறிவிடுகின்றன. கடன், ஆள் கூலி, பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று அவசரங்கள் பல. ஆனால் இரண்டு மாதம் கழிந்தபின் அதே விவசாயி மளிகைக் கடையில் கால் கிலோ, அரை கிலோ என்று பருப்பு வாங்குகிறார். விற்றது முழுத் துவரையின் மொத்த விலைக்கு. வாங்குவது உடைத்த பருப்பின் சில்லறை விலைக்கு. இடையில் சேரும் மில் கூலி, வண்டி வாடகை, வியாபாரியின் லாபம் எல்லாம் அவர் தலையிலேயே விழுகின்றன. விலை ஏறும் மாதங்களில் குழம்பில் பருப்பு குறைந்து தண்ணீர் கூடுகிறது. ஆகவே விளைந்த துவரையில் வீட்டுப் பங்கை முதலில் எடுத்து வைப்பதே சிறு விவசாயிக்கு நல்லது.

எவ்வளவு தேவை?

ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் பருப்பு என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ ஆகிறது. திருகையில் உடைக்கும்போது 100 கிலோ துவரைக்கு 65 முதல் 70 கிலோ வரை பருப்பு கிடைக்கும் என்று கொண்டால், வேண்டிய துவரை சுமார் 80 கிலோ, அதாவது ஒரு மூட்டை. இது குறைந்த கணக்கே. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி, பருப்பு, முட்டை, மாமிச வகைகள் சேர்ந்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது.

துவரம் பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. அரிசியில் 7 கிராம் அளவே உள்ளது. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைந்த மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஆகவே பருப்புச் சோறு ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் உணவாகும்.

செம்மண் கட்டி உடைத்தல்

துவரையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து வடிகட்ட வேண்டும். சலித்த செம்மண்ணைக் குழைத்து, 10 கிலோ துவரைக்கு அரை கிலோ வீதம் சேர்த்துப் பிசறி, ஓர் இரவு குவித்து வைக்க வேண்டும். பின்னர் மெல்லியதாகப் பரப்பி இரண்டு முதல் நான்கு நாள் வெயிலில் காய வைத்து, மண்ணைச் சலித்து நீக்கி, திருகையில் உடைத்துப் புடைக்கலாம். பொட்டும் நொய்யும் கறவை மாட்டுக்கு ஆகும். திருகை இல்லாதவர்கள் நான்கைந்து வீட்டார் சேர்ந்து அருகிலுள்ள சிறு பருப்பு மில்லில் கொடுத்து உடைக்கலாம்.

வண்டு வராமல் காக்க

பயறு வண்டு முழுத் துவரையின் வழவழப்பான தோல்மேல்தான் விரும்பி முட்டையிடுகிறது. வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிபவை அம்முட்டைகளே. தோல் நீக்கி உடைத்த பருப்பை வண்டு அவ்வளவாக நாடுவதில்லை. எனவே உணவுக்கு வைக்கும் துவரையைக் காலம் கடத்தாமல் உடைத்துவிடுவது மேல். கடித்தால் 'படக்'கென்று உடையும்வரை காய வைத்து, சூடு ஆறியபின் இறுக மூடிய டின்னிலோ டிரம்மிலோ வைக்க வேண்டும். விதைக்கென மருந்து கலந்த துவரையை எக்காரணம் கொண்டும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பருப்பு வேகவில்லையா?

'எங்கள் பருப்பு வேகுவதில்லை, கடைப் பருப்பே மேல்' என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. குற்றம் பெரும்பாலும் பருப்பின் மேல் இல்லை. ஆழ்குழாய்க் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் பருப்பை இறுகச் செய்கின்றன. புளி, தக்காளி ஆகியவற்றின் புளிப்பும் வேகாமல் தடுக்கும். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் வைத்த பருப்பும் எளிதில் வேகாது. மேலும், ஊற வைத்து உடைத்த பருப்பு வேகச் சற்று அதிக நேரம் எடுக்கும். ஆகவே மழை நீரிலோ உப்புக் குறைந்த குடிநீரிலோ அரை மணி நேரம் ஊற வைத்து வேக வைப்பது நல்லது. சமையல் சோடா சேர்த்தால் விரைவில் வேகும். ஆனால் தயமின் என்னும் பி1 வைட்டமின் அழிந்துவிடும்.

பருப்புக் கடைசல்

ஐந்து பேருக்கு 150 கிராம் பருப்பு போதும். அதன் அளவைப் போல் நான்கு மடங்கு தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஊறிய பருப்பு, மஞ்சள் தூள், நான்கு பல் பூண்டு, சில துளி விளக்கெண்ணெய் சேர்க்கவும். எண்ணெய் சேர்த்தால் பொங்கி வழியாது. விரலால் நசுக்கினால் மசியும் பதம் வந்தபின் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கடைசியாகத் தக்காளி போட்டு வேக விடவும். மேலே நிற்கும் நீரை இறுத்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, மத்தால் கடையவும். நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், வர மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் கடைசல் தயார். முருங்கைக் கீரை கிடைக்கும் நாளில் ஒரு பிடி சேர்க்கலாம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு, மிளகாயும் உப்பும் சேர்க்குமுன் கொஞ்சம் பருப்பை எடுத்து, சோற்றுடன் நன்கு மசித்து, சிறிது நெய் விட்டு ஊட்டலாம்.

கடனுக்கு மூட்டையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்கள், விதைக்கும்போதே வீட்டுப் பங்கைப் பிரித்துவிடலாம். மானாவாரி நிலக்கடலையில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை ஊடுபயிராக விதைக்கப் பரிந்துரை உண்டு, வரப்பிலும் விதைக்கலாம். அந்த வரிசையும் வரப்பும் வீட்டுக்கு என்று குடும்பத்தார் கூடி முடிவு செய்துகொண்டால், களத்தில் யார் வந்து நின்றாலும் அந்தத் துவரை அடுப்படிக்கு வந்து சேரும். ஏற்ற இரகம், விதை பற்றி அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆடிப் பட்டத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.