பிந்தி விழும் கிட்டார்: பிழை விரலிலா, டிரைவரிலா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. தனிநபர் கணினிகளுக்கு அந்நிறுவனம் அறிவித்த ஓராண்டு நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 அன்று முடிவதாக இருப்பதால், சிறு முதலீட்டில் வீட்டிலேயே கிட்டார் பதிவு செய்யும் வாசகர்கள் பலர் பழைய மடிக்கணினியைக் கைவிட்டே ஆக வேண்டுமா என்று கேட்டு எழுதியுள்ளனர். அன்று நிற்பவை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே என்பதால், இணையத்தில் இணைக்காமல் பதிவுக்கென்றே ஒதுக்கிவைத்த கணினிக்கு அத்தேதியால் பெரிய இடையூறு இல்லை. எனினும் அதே கடிதங்களில் இதைவிடக் கவனத்துக்குரிய குறை ஒன்று காணப்படுகிறது: தாளத்தோடு சரியாகத்தான் வாசித்தோம், ஆனால் பதிவைக் கேட்டால் கிட்டார் ஒரு நூலளவு பிந்தி விழுகிறது என்பதே அது. இதற்குச் சிலர் கணினியின் வயதையும் சிலர் தம் விரல்களையும் குறை கூறுகின்றனர். பல நேரங்களில் இரண்டுமே குற்றமற்றவை.

கணினி ஒலியை நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பெறும்போது அவற்றை ஒவ்வொன்றாகக் கையாளாமல், பஃபர் எனப்படும் தற்காலிகத் தேக்கத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. பஃபரின் அளவு 256 மாதிரிகள் என்றால் உள்ளே வரும் வழியில் 5.8 மில்லிவினாடியும் வெளியே செல்லும் வழியில் அதே அளவும் கழிகின்றன. மின்னலையை எண்ணாக மாற்றுவதற்கும் யுஎஸ்பி வழியே கடத்துவதற்கும் ஆகும் நேரம் இதற்கு மேல் சேர்கிறது. ஒலி காற்றில் 10 மில்லிவினாடியில் ஏறத்தாழ 3.4 மீட்டர் செல்வதால், இந்த அளவுத் தாமதம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவருக்கு ஏற்படுவதற்கு ஏறத்தாழச் சமமானது. அதற்குக் கை பழகிவிடும். ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகளின் மேல் அச்சிடப்படும் 'பூஜ்யத் தாமதம்' என்ற சொல்லோ இந்தப் பாதையைப் பற்றியதே அல்ல. கிட்டாரின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பாமல் கருவிக்குள்ளேயே ஹெட்போனுக்குத் திருப்பிவிடும் குறுக்குவழியைத்தான் அது குறிக்கிறது. மென்பொருள் ஆம்ப் வழியே தம் ஒலியைக் கேட்டபடி வாசிப்பவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

உண்மையான சிக்கல் வாசித்து முடித்த பின்பு தொடங்குகிறது. மெட்ரோனோமின் தட்டு வாசிப்பவரின் காதுக்கு ஓரளவு பிந்தி வந்து சேர்கிறது, அதற்கு ஒத்து அவர் மீட்டிய ஒலி கணினிக்குள் மேலும் ஓரளவு பிந்திச் செல்கிறது. ஆகவே இரண்டு தாமதங்களின் கூட்டுத்தொகை எவ்வளவோ அவ்வளவு தூரம் புதிய பதிவை மென்பொருள் பின்னிழுத்து வைத்தாக வேண்டும். அந்தத் தொகையை மென்பொருள் தானாக அளப்பதில்லை. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஏசியோ முறையில், கருவியை இயக்கும் நிரலான டிரைவர் தன் உள்வழித் தாமதத்தையும் வெளிவழித் தாமதத்தையும் தானே அறிவிக்கிறது. மென்பொருள் அதை அப்படியே நம்புகிறது. பஃபரை மட்டும் கணக்கில் காட்டி, மாற்றியின் நேரத்தையோ வெளியே தெரியாத கூடுதல் பஃபர்களையோ டிரைவர் விட்டுவிட்டால், விட்ட அளவுக்கு ஒவ்வொரு பதிவும் பிந்தியே உட்காரும். எந்தக் கருவிக்கும் பொருந்தும் ஏசியோ4ஆல் போன்ற இலவசப் பொது டிரைவர், கருவியின் உள்ளமைப்பை அறியாத நிலையில், தரும் எண்ணில் ஊகமும் கலந்திருக்கும். ஆடாசிட்டி மென்பொருளோ எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக 130 மில்லிவினாடி என்ற திருத்தத்தை வைத்துக்கொண்டு தொடங்குகிறது. அது தம் கருவிக்குப் பொருந்துகிறதா என்று பயனர்தான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நாடாப் பதிவில் இந்தக் கணக்கே எழவில்லை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' இசைத்தொகுப்பு, நியூஜெர்சியில் அவர் தங்கியிருந்த வீட்டில் டியாக் 144 என்ற நான்கு டிராக் கேசட் கருவியில் பதிவானது. அக்கருவியில் பழைய டிராக்கை ஒலித்துக்காட்டிய அதே காந்தத் தலைதான் புதியதையும் பதிந்தது என்பதால் இரண்டுக்கும் இடையே காலவேறுபாடு ஏற்பட இடமில்லை.

கணினியில் இந்தப் பிழை அடுக்கடுக்காகப் பெருகவும் கூடும் என்பதுதான் கவலைக்குரியது. முதல் கிட்டார் 10 மில்லிவினாடி பிந்தி உட்கார்ந்திருக்க, இரண்டாவது கிட்டாரை மெட்ரோனோமுக்கு அல்லாமல் முதல் கிட்டாருக்கு ஒத்து வாசித்தால், அது 20 மில்லிவினாடி பிந்துகிறது. மூன்றாவதற்குள் பாட்டு தொய்ந்துவிடுகிறது. தாள உணர்வு தமக்கு இயல்பாகவே இல்லை என்று முடிவுகட்டிக் கிட்டாரையே ஒதுக்கிவைக்கும் தொடக்கநிலையாளர்களுக்கு இச்செய்தி கட்டாயம் போய்ச்சேர வேண்டும்.

இதைச் சோதித்தறிய ஒரு கேபிள் போதும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒலியளவைக் குறைத்து, நேரடிக் கேட்பு வசதியையும் பதிவு டிராக்கின் கேட்பையும் அணைத்தபின், இன்டர்ஃபேஸின் வெளித்துளையிலிருந்து அதன் லைன் உள்துளைக்குக் கேபிளைச் செருக வேண்டும். ஒரு டிராக்கில் உள்ள தட்டொலியை ஒலிக்கவிட்டு இன்னொரு டிராக்கில் அதையே பதிவு செய்து, திரையை நன்கு பெரிதாக்கி இரண்டு அலைகளின் தொடக்கங்களையும் ஒப்பிட்டால், இடைவெளி மாதிரிக் கணக்கிலேயே தெரிந்துவிடும்; 44,100 என்ற வேகத்தில் 441 மாதிரிகள் இடைவெளி இருந்தால் அது 10 மில்லிவினாடிப் பிழை. ரீப்பர், ஆடாசிட்டி ஆகிய இரண்டு மென்பொருள்களிலும் பதிவு அமைப்புகளுக்குள் இந்த எண்ணைக் கையால் இட இடமுண்டு. இட்டபின் மறுபடி சோதிக்கையில் இடைவெளி இரட்டித்தால், கூட்டல் கழித்தல் குறியை மாற்ற வேண்டும் என்று பொருள். விற்பனையாளர் சொல்லும் எண்ணை நம்பி இருப்பதைக் காட்டிலும் இவ்வாறு அளந்தறிந்த எண்ணே ஏழைப் பதிவறைக்கு உற்ற துணை.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள் போதும்.

இயங்குதளத்தை மாற்றினால்? டிரைவரும் மாறுவதால் புதிதாக அளக்க வேண்டும்.

192 கிலோஹெர்ட்ஸ் அவசியமா? மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் 44,100 அல்லது 48,000 போதும்.

எலெக்ட்ரிக் கிட்டாரை மைக் துளையில் செருகலாமா? கூடாது, ஏறத்தாழ ஒரு மெகாஓம் மின்தடுப்பு கொண்ட இன்ஸ்ட்ருமென்ட் துளை இல்லையெனில் பிக்கப்பின் கூர்மை மழுங்கிவிடும்.

அகூஸ்டிக் கிட்டாருக்கு ஒரே மைக் போதுமா? போதும், ஒலித்துளைக்கு நேராக வைக்காமல், கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி ஓரடித் தொலைவில் வைத்து, மின்விசிறியை அணைத்துவிட வேண்டும்.